உண்டிப் பெட்டியில் ஓர் ஓட்டைக் காலணா

ஓட்டுப் பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. காகிதம் சரசரக்கலாம், அவ்வளவுதான். என் வேலைக்காலத்தில் ஒரே ஒரு பெட்டி மட்டும் கலகலவென்று குலுங்கிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தது. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தொழிற்சங்கத்தில் இனிமேல் கைத்தொலைபேசியிலேயே ஓட்டுப் போடலாமாம். நல்லது, போடட்டும். அதற்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஈப்போவில் சிலிபின் பக்கம் இருக்கிற என் வீட்டுக்கு வந்து, "சரோஜாக்கா, உங்க காலத்துல செல்லாத ஓட்டை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? மிஷின் இல்லையே" என்று கேட்டார்கள். மிஷின் இல்லையாம்! "எங்ககிட்ட சிவகுருநாதன் ஐயா இருந்தார்லா" என்றேன். யார் அது என்று இரண்டும் விழித்தன. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியுமா? தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னேன். சொன்னதையே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். வாயால் சொல்வது சுலபம், எழுத உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் சங்கத்தின் ஈப்போ அலுவலகத்தில் தட்டெழுத்தராகச் சேர்ந்தேன். தோட்டத்தில் பிறந்தவள், தட்டெழுத்துப் படித்ததால் நகரத்துக்கு வந்தவள். இரண்டு வருடம் கடிதம் அடித்தேன். மூன்றாவது வருடம் தேர்தல் வேலைக்கு ஆள் போதவில்லை என்று என்னைத் தூக்கிப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

என்ன தேர்தல் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது ஆசியாவில் பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஒரு பேரவை வைத்திருந்தன. குட்டிப் பார்லிமென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாடு, இலங்கை, இந்தோனேசியா என்று ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆட்கள் போய் உட்கார்ந்து பேசுவார்கள். அதில் ஈப்போ ஒரே தொகுதி, ஆனால் நான்கு நாற்காலி. நகரசபை ஆட்கள், பஸ்காரர்கள், பட்டறைக்காரர்கள், கோப்பெங் வரைக்கும் உள்ள ரப்பர் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து நான்கு பேரை அனுப்ப வேண்டும். ஓட்டுச்சீட்டில் எல்லா வேட்பாளர்களின் சின்னமும் இருக்கும். நான்கு பெருக்கல் குறிவரை போடலாம். அதிக ஓட்டு வாங்கிய முதல் நான்கு பேர் போவார்கள். நான் சேர்ந்ததிலிருந்து அந்த நான்கு பேரும் நகரத்து ஆட்கள்தான். நல்ல சட்டை, நல்ல இங்கிலீஷ். ரப்பர்ப் பால்மரம் வெட்டும் கை ஒன்றுகூட அந்த மேசையில் படவில்லை.

சிவகுருநாதன் ஐயாதான் எங்கள் தேர்தல் அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கத்தில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். வெள்ளை வெளேரென்று முழுக்கால் சட்டை, சட்டைப் பையில் சிவப்பு மையூற்றுப் பேனா. எண்ணும் மேசையில் கறுப்புப் பேனா, பென்சில் எதுவும் இருக்கக்கூடாது. சீட்டில் யாராவது ஒரு கோடு கூட்டிப் போட்டுவிடலாம் அல்லவா? முதல் நாளே என்னைப் பார்த்து, "பிள்ளை, அந்தக் கொண்டை ஊசியளைக் கழட்டி வையும்" என்றார். ஊசியாலும் கீறலாமாம்! அதற்குப் பிறகு, "நெத்திப் பொட்டைத் தொட்ட கையால சீட்டைத் தொடாதையும். சோப்புப் போட்டுக் கழுவும்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழுவினேன், வேறு வழி?

தெலுக் இந்தான் கிளைத் தேர்தலில் ஒரு தடவை கூரைக் காற்றாடியைப் போட்டுவிட்டு எண்ணினோம். சீட்டெல்லாம் பறந்து, ஆளாளுக்கு மேசைக்கு அடியில் தவழ்ந்தோம். அன்றிலிருந்து எண்ணும்போது காற்றாடி கூடாது என்று ஐயா சட்டம் போட்டார். கீழே காப்பிக்கடை அடுப்பு, மேலே தகரக் கூரை, நடுவில் நாங்கள். வேர்த்து விறுவிறுத்துப் போவோம். ஐயா சட்டைக் காலர் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார்.

அவர் ஒரு சீட்டையும் சட்டென்று செல்லாது என்று சொன்னதில்லை. அரக்கு முத்திரையைப் பார்ப்பார், எல்லா வேட்பாளர்களின் ஏஜெண்டுகளுக்கும் காட்டுவார். பெட்டியைக் கவிழ்ப்பார். முதலில் சின்னம் தெரியாதபடி குப்புற வைத்து எண்ணச் சொல்வார். போட்ட ஆட்களின் கணக்கோடு அது ஒத்துப்போன பிறகுதான் மல்லாத்திப் போட வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தச் சீட்டு தட்டுக்குப் போகும். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டிக் காட்டிப் பார்ப்பார். ஒரு நாள் நான் அவசரப்பட்டு, "இது செல்லாது ஐயா, தூக்கிப் போடலாம்" என்றேன். "பிள்ளை, செல்லாது எண்டு சொல்லுறது ஒரு ஆளின்ர வாயைப் பொத்துறது. பொத்த முதல் ரெண்டு தரம் யோசிக்க வேணும்" என்றார். அந்த ஒரு பாடம் எனக்கு முப்பது வருடத்துக்குப் போதுமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் வந்த தேர்தலில் பாக்கியம் என்ற பொண்ணு நின்றது. கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அதற்குப் பெரிய இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு, நாங்கள் செம்மண் தோட்டம் என்போம். பாக்கியம் அங்கே காலையில் பால் எடுக்கும், மத்தியானம் புல்லைக் கொல்ல மருந்தடிக்கும். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னது. வேட்பு மனு கொடுக்க வந்தபோது கையெழுத்துப் போடக் கையை நீட்டியது. நகமெல்லாம் கறுத்துச் சொத்தையாகி, இரண்டு விரலில் நகமே இல்லை.

"என்னம்மா இது?" என்றேன்.

"மருந்துக்கா. வெறுங்கையில கலக்குறோம்ல. கையுறை கேட்டேன், எண்ணெய் தேச்சுக்கன்னு தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லிட்டாரு. நம்ம பேரவை ஆளுங்ககிட்ட சொன்னேன், இதெல்லாம் அங்க பேசுற விஷயமான்னாங்க. அதான் நானே போய்ப் பேசலாம்னு."

"இங்கிலீஷ் தெரியுமா?"

"கை தெரியுதுல்லக்கா, அது போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பால்வாளிச் சின்னத்தை அதற்கு ஒதுக்கினோம். தேர்தல் வேலை செய்கிறவள் பக்கம் சாயக்கூடாது. சாயவில்லை. மனசுக்குள் வேண்டிக்கொண்டதற்கு எந்தச் சட்டமும் கிடையாது.

ஓட்டு நாளன்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு ஆள் பெட்டியோடு போனார். செம்மண் தோட்டத்துக்குப் போனது காளிமுத்து. எங்கள் அலுவலகத்து டிரைவர், வாய் ஓயாத மனுஷன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணிக்கை. காளிமுத்து எல்லாருக்கும் கடைசியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். கலகல, கலகல. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை மூடிவிட்டுக் காது கொடுத்தேன். கலகல.

"காளி, என்னடா அது உள்ள?"

"ஐயா கேட்டா சொல்றேன்க்கா."

ஐயா முத்திரையைப் பார்த்தார். உடையவில்லை. ஏஜெண்டுகளுக்குக் காட்டினார். கவிழ்த்தார். மடித்த சீட்டுகள் விழுந்தன. சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்திருந்தன. ஒன்றைப் பிரித்தார். உள்ளே ஒரு பத்துக்காசு. சீட்டில் அப்பிய குங்குமம். அடுத்ததைப் பிரித்தார். காசு, குங்குமம். அடுத்ததிலும் அதேதான்.

பொட்டைத் தொட்ட கையைக் கழுவ வைத்த மனுஷன் முன்னால் ஒரு பெட்டி நிறையக் குங்குமம்! பிரிக்கப் பிரிக்க எல்லாவற்றிலும் ஒரே சின்னத்துக்குத்தான் குறி, பால்வாளி. நான்கு போடலாம் என்றாலும் அவர்கள் ஒன்றுதான் போட்டிருந்தார்கள்.

மற்றப் பெட்டிகள் எல்லாம் முடிந்துவிட்டன. மூன்று நாற்காலி நகரத்துக்குப் போய்விட்டது. நான்காவதுக்குத்தான் போட்டி. அதில் இருந்த பழைய நகரத்து ஆளைவிடப் பாக்கியம் பின்னால் நின்றது. இந்தப் பெட்டி செல்லும் என்றால் பாக்கியம் பேரவைக்குப் போகும். செல்லாது என்றால் எண்ணெய்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழைய ஆளின் ஏஜெண்டு செல்வராஜ் எழுந்தார். நகரசபையில் வேலை, கறாரான மனுஷன், ஆனால் கெட்டவர் இல்லை. "சார், இது கோயில் இல்லலா! ஓட்டுப் போட்டது யாருன்னு காட்டுற அடையாளம் இருந்தா ஓட்டு செல்லாது. அது நம்ம சட்டம். அதோட இந்தக் காசு என்ன காசு? யாராவது குடுத்துப் போட வச்சாங்களா?"

நியாயமான கேள்வி. எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. ஐயா பேனாவை மூடிக் கீழே வைத்தார். "காளிமுத்து, இஞ்சை வாரும். அங்கை என்ன நடந்தது? ஒண்டும் விடாமல் சொல்லும்."

காளிமுத்து சொன்னான். பெட்டி எங்களுடையது இல்லை, அரசாங்கத் தேர்தல் ஆபீஸில் வாங்கிய இரவல் பெட்டி. அதன் மேல் மலாயில் ‘பெத்தி உண்டி’ என்று பெயின்டில் எழுதியிருந்தது. மலாயில் பெத்தி என்றால் பெட்டி, உண்டி என்றால் ஓட்டு. தோட்டத்தில் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. குடியுரிமை இல்லை, நாட்டின் தேர்தல் எதிலும் வாழ்நாளில் ஓட்டுப் போட்டதில்லை. சங்கத்து ஓட்டுதான் முதல் ஓட்டு. முன்னால் நின்ற முனியம்மா, மருந்தடிக்கிற கூட்டத்துக்கே மூத்தவர், "தம்பி, இது என்ன பெட்டி?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் எழுதியிருந்ததைப் படிச்சுச் சொன்னேன் ஐயா. உண்டிப் பெட்டிம்மான்னு."

"அதுக்கு?"

"‘உண்டியலா! அட பாவி, வெறுங்கையோடயா வரச் சொன்னே’ன்னு ஏசிட்டு வீட்டுக்கு ஓடிப் போய்க் குங்குமத் தட்டு எடுத்துட்டு வந்திருச்சு. பாக்கியம் ஜெயிக்கணும்னு அம்மனுக்கு நேந்துக்கிட்டு ஆளாளுக்குக் காசு முடிஞ்சு போட்டாங்க. ஆம்பளைங்களும்தான். நான் வேணாம் வேணாம்னேன். சாமி காரியத்துல குறுக்க வராதேன்னு என்னை ஓரமா நிக்க வச்சுட்டாங்க."

பஸ்காரர்களின் ஏஜெண்டு குபீரென்று சிரித்தார். செல்வராஜுக்கே உதட்டோரம் துடித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

"காசு ஆரும் குடுக்கேல்லை எண்டு விளங்குது. அடையாளம் எண்டு சொல்லுறீர், செல்வராஜ். சரி. ஒண்டை எடும்."

செல்வராஜ் ஒரு சீட்டை எடுத்தார்.

"இது ஆரின்ர ஓட்டு?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"இன்னொண்டு எடும். இது ஆரின்ர?"

"தெரியாது சார். ஆனா குங்குமம் இருக்குல்ல?"

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ஒருத்தி நெத்தியில மட்டும் பொட்டு இருந்தா அது அடையாளம். கோயில்ல நிக்கிற எல்லாரும் பொட்டு வச்சிருந்தா, அதை வச்சு யாரை அண்ணே காட்டுவீங்க?" என்று கத்திவிட்டேன். எழுத்தர் ஏஜெண்டோடு வாதாடக்கூடாது. ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். போச்சு, சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தேன். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஓம் என்றால் அவர் ஊரில் ஆமாம். அந்த ஒரு ‘ஓம்’ போதும் எனக்கு, இன்று வரைக்கும்.

ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, காசைத் தனியே ஒரு துணியில் போட்டு, சீட்டை எல்லாருக்கும் காட்டி, "செல்லும்" என்றார். செல்லும். செல்லும். பாக்கியம் மேலே ஏறிக்கொண்டே வந்தது. எட்டிப் பிடித்தது. தாண்டியது. மேசைக்கு அடியில் என் கால் தாளம் போட்டது.

கடைசிக்கு முந்திய பொட்டலத்திலிருந்து உருண்டு விழுந்தது ஒரு ஓட்டைக் காலணா. நடுவில் துளை போட்ட பழைய இந்தியக் காசு. அதை மஞ்சள் கயிற்றில் கோத்து முடிந்திருந்தது.

"அட! இது முனியம்மா கெழவி கழுத்துல கெடக்குற காசுல்ல!" என்று காளிமுத்து வாய் தவறிக் கூவிவிட்டான். கூவிய பிறகு வாயைப் பொத்தினான். என்ன பிரயோஜனம்?

செல்வராஜ் ஐயாவை நிமிர்ந்து பார்த்தார். ஐயா அந்தச் சீட்டை வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "இது ஆரின்ர எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றார். "செல்லாது."

கப்பலேறி வந்த நாளிலிருந்து கழுத்தை விட்டு இறக்காத காசை அறுத்துப் போட்டிருக்கிறார் அந்த அம்மா. இருந்ததில் உயர்ந்ததைக் கொடுத்தவரின் ஓட்டா செல்லாமல் போக வேண்டும்? ஆனால் அந்தத் தீர்ப்பில்தான் செல்வராஜ் அடங்கினார். "எங்களுக்கு ஒரு நியாயம் அவங்களுக்கு ஒரு நியாயம்னு இல்ல. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்று சொல்லி, முதல் ஆளாக முடிவில் கையெழுத்துப் போட்டார். நான்காவது நாற்காலி மூன்று ஓட்டில் பாக்கியத்துக்கு!

கீழே காப்பிக்கடையில் காத்திருந்த பாக்கியத்திடம் நான்தான் ஓடிப் போய்ச் சொன்னேன். கொண்டை ஊசி இல்லை, தலை அவிழ்ந்து பேய் மாதிரி ஓடினேன். அது காப்பியைக் கொட்டிவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. கடைக்காரச் சீனர் என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார்.

அன்று மத்தியானமே ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு செம்மண் தோட்டத்துக்குப் போனார். முனியம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஐயா வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் நின்று, காலணாவை அவர் கையில் வைத்தார்.

"அம்மா, உங்கட ஓட்டை நான் எண்ணேல்லை. அது என்ர தீர்ப்பு. நேரில சொல்ல வேணும் எண்டு வந்தனான்."

"அப்ப பாக்கியம் தோத்துருச்சா சாமி?"

"இல்லை. வெண்டிட்டா."

"அப்பறம் என்ன!" என்று முனியம்மா கெக்கலித்துச் சிரித்தார். "காசைத் திருப்பிக் குடுக்குற உண்டியலை இப்பத்தான் பாக்குறேன்." மற்றவர்களின் காசுகளைத் துணியோடு வாங்கித் தோட்டத்து மாரியம்மன் உண்டியலில் போட்டுவிடுவதாகச் சொன்னார். திரும்பி வந்து காரை விட்டு இறங்கும்போது ஐயா, "அடுத்த முறை அவவின்ர ஓட்டு எண்ணப்பட வேணும், பிள்ளை" என்றார்.

அந்த வருடம் பேரவை பினாங்கில் கூடியது. நானும் தட்டெழுத்து வேலைக்குப் போனேன். பாக்கியம் தமிழில்தான் பேசியது. மொழிபெயர்ப்பவர் பின்னாலேயே ஓடினார். பாதியில் பாக்கியம் பேச்சை நிறுத்திவிட்டுக் கையிரண்டையும் தூக்கி விரித்துக் காட்டியது. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து தன் கையைக் காட்டினார். அடுத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தர். மொழிபெயர்ப்பவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று! மருந்தடிப்பவர்களுக்குக் கையுறை கொடுக்க வேண்டும் என்ற தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. மறுநாளே கையுறை வந்துவிடவில்லை. சங்கம் அந்தத் தீர்மானத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிர்வாகத்தோடும் மல்லுக்கு நின்றது. ஆனால் வந்தது, வந்தே விட்டது.

அடுத்த தேர்தல் எண்பதுகளின் தொடக்கத்தில். ஐயாவுக்கு அதுதான் கடைசித் தேர்தல். "இந்த முறை செம்மண் தோட்டத்துக்கு நீர் போம். பெட்டிக்கு என்ன பேர் எண்டு வடிவாச் சொல்லும்" என்று என்னை அனுப்பினார். வரிசையில் முதல் ஆள் முனியம்மா. இடுப்பில் செருகிய கையுறை, கழுத்தில் அதே ஓட்டைக் காலணா. நான் பெட்டியைத் தட்டி, "அம்மா, இது ஓட்டுப் பெட்டி. உண்டியல் இல்ல" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் போடி!" என்றார். "அம்மன்கிட்ட கேக்கத்தான் காணிக்கை. பாக்கியத்துக்கு எதுக்குக் காணிக்கை? அது நாம அனுப்புற ஆளு. கேட்டா செய்யணும், செய்யலன்னா அடுத்த தடவ வேற ஆளு." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியமும் அந்த வரிசையில்தான் நின்றது, அதுவும் சிரித்தது.

முனியம்மா மறைப்புக்குப் பின்னால் போனார். வெகு நேரம் எடுத்துக்கொண்டார். மடித்த சீட்டோடு வந்து பெட்டியில் போட்டுவிட்டு, "யாருக்குப் போட்டேன்னு உன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்" என்று என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் எண்ணும்போது அந்தப் பெட்டி மேசைக்கு வந்தது. ஐயா அதைக் கையில் தூக்கி, காதோடு வைத்து மெதுவாகக் குலுக்கினார். காகிதம் மட்டும் சரசரத்தது. முத்திரையை உடைத்துக் கவிழ்த்தார். வெள்ளை வெளேரென்ற சீட்டுகள், குப்புறக் கிடந்தன. அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

"இதில ஒண்டு முனியம்மாவின்ர, பிள்ளை."

"எது ஐயா?" என்றேன்.

"ஆருக்குத் தெரியும்!" என்றார், சந்தோஷம் தாங்காமல். "எண்ணும்."

எண்ணினேன்.